தாயக்கட்டை தீர்மானிக்கும் விளையாட்டு வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

உணவுப் பாதுகாப்பை மாணவருக்குப் பலகை விளையாட்டின் மூலம் கற்பிக்கலாம் என்று தங்கள் பத்திரிகையின் கல்விப் பகுதியில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை மனமார வரவேற்கிறேன். ஆயினும், அதில் பரிந்துரைக்கப்பட்ட 'பாம்பும் ஏணியும்' பற்றி, நீண்டகாலம் மனைப்பொருளியல் கற்பித்தவள் என்ற வகையில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கை கழுவாதவரைப் பாம்பு விழுங்குகிறது, கழுவியவர் ஏணியில் ஏறுகிறார். ஆனால் கழுவுவதா விடுவதா என்று அங்கே தீர்மானிப்பது பிள்ளையல்ல, தாயக்கட்டை.

சமைத்ததையும் சமைக்காததையும் வேறாக வைக்க வேண்டும் என்று பரீட்சைத்தாளில் பிழையின்றி எழுதிய மாணவி ஒருத்தி, செயன்முறை வகுப்பில் மீன் வெட்டிய பலகையைக் கழுவாமல் அதிலேயே சம்பலுக்கு வெங்காயம் அரிந்ததைக் கண்ட பின்னர்தான், மட்டையொன்றில் ஒரு சமையலறையை வரைந்தேன். குளிர்சாதனப் பெட்டியின் மூன்று தட்டுகள், அலுமாரி, அடுப்பு, கழுவுமிடம், சாப்பாட்டு மேசை, அவ்வளவுதான். உணவுகளையும் பொருள்களையும் வேலைகளையும் குறிக்கும் சீட்டுகளில் எந்தச் சீட்டை எங்கே வைப்பது, எந்த வேலையை முதலில் செய்வது என்பதைப் பிள்ளைகளே கூடிப் பேசி முடிவுசெய்ய வேண்டும். பச்சை மீனை மேல்தட்டில் வைத்தால் அதன் நீர் கீழ்த்தட்டுச் சோற்றில் வடிந்துவிடும். மண்ணெண்ணெய்ப் போத்தலை நல்லெண்ணெய்ப் போத்தலுக்கு அருகில் வைத்தவர்கள் ஒரு சுற்றை இழப்பார்கள். விளையாட்டில் ஒரு சுற்று என்பது அரை மணித்தியாலமாகக் கொள்ளப்படும். சமைத்த உணவை அறை வெப்பநிலையில் 2 மணித்தியாலத்துக்கு மேல் விடக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையாதலால், நான்கு சுற்றுக்கு மேல் மேசையில் இருந்த சொதி பழுதானதாகவே கொள்ளப்படும்.

"பழுதான சொதி மணக்காவிட்டால் எப்படித் தெரியும், ரீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். அந்தக் கேள்விதான் விளையாட்டைத் திருத்தியது. நோய்க்கிருமி சேர்ந்த உணவு மணத்திலோ சுவையிலோ மாற வேண்டுமென்றில்லை. ஆகவே, பிழை நேரும்போதெல்லாம் மத்தியஸ்தராக இருக்கும் மாணவி சீட்டின் பின்புறத்தில் எவருக்கும் காட்டாமல் ஒரு புள்ளி இடுவாள். பந்தி பரிமாறும் வேளையில்தான் சீட்டுகள் திருப்பப்படும். அப்போது வகுப்பில் விழும் அமைதியை நான் மறக்கவில்லை. சூடாக்கும் சீட்டுச் சில புள்ளிகளை அழிக்கும், சிலவற்றை அழிக்காது; ஏனெனில் சில பக்டீரியாக்கள் உணவில் விடும் நஞ்சு மீளச் சூடாக்கினாலும் போகாது. 'கொதிக்க வைத்தால் எல்லாம் சரி' என்று நம்பும் எங்கள் வீடுகளுக்கு இது மிகவும் வேண்டிய பாடம்.

விளையாட்டு, செயன்முறை வகுப்புக்கு ஈடாகாது. அதற்கு முந்தைய பாடவேளையில் வைக்கத்தக்கது. அப்பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை ஒருநாள் மத்தியஸ்தராக அழைத்தால் பிள்ளைகளின் கேள்விகளுக்கு இன்னும் தெளிவான விடை கிடைக்கும். இவ்விளையாட்டைப் பாடசாலைகளுக்குக் கொண்டுசெல்ல முன்வருவோர், அச்சிட்ட பலகைகளை அல்லாமல் வெறும் மட்டைகளையே வழங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். நெடுந்தீவுப் பிள்ளையின் அடுப்படியும் நல்லூர்ப் பிள்ளையின் அடுப்படியும் ஒன்றல்ல. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுப் பிள்ளை, மீனை எங்கே வைப்பது என்பதைத் தன் வீட்டையே வரைந்து யோசிக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மனைப்பொருளியல் ஆசிரியை,
கோண்டாவில்.