அரிவாள்மனையை யாருக்கும் கொடுத்துவிடாதே

எடிசன், நியூ ஜெர்சி

அன்புள்ள அக்கா,

போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ அழுவாய், அப்புறம் நானும் அழுவேன், அதனால் எழுதுகிறேன்.

நூலகத்தில் ஒரு கதைப் புத்தகம் எடுத்தேன், 'இன்டர்பிரட்டர் ஆஃப் மேலடீஸ்'. ஜும்பா லஹிரி எழுதியது. வங்காளிக் குடும்பம், லண்டனில் பிறந்து இங்கே ரோட் ஐலண்டில் வளர்ந்தவர். 1999-இல் வந்த முதல் தொகுப்பு, ஒன்பது கதை, அடுத்த வருஷமே புலிட்சர் பரிசு. நான் பரிசைப் பார்த்து எடுக்கவில்லை, ஒல்லியாக இருந்தது, அவ்வளவுதான்.

அதில் மிஸஸ் சென் என்று ஒருத்தி. கணவர் பல்கலைக்கழகத்தில் கணக்கு வாத்தியார். அவளுக்குக் கார் ஓட்ட வராது, மீன் வாங்கக்கூட யாராவது கூட்டிப்போக வேண்டும். தரையில் பேப்பரை விரித்து உட்கார்ந்து காய் நறுக்குகிறாள், அந்தக் கருவி எப்படி இருக்கும் என்று வெள்ளைக்காரர்களுக்குப் புரிய வைக்க ஆசிரியர் அத்தனை வரி எழுதுகிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. அரிவாள்மனை என்று ஒரு வார்த்தை, நமக்குத் தீர்ந்தது. ஆனால் அவள் ஊர்க் குரல்களைப் பதிந்த கேசட்டைப் போட்டுக் கேட்கும் இடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். என் போனில் அப்பாவின் வாய்ஸ் மெசேஜ் பதினொன்று இருக்கிறது. அதில் ஒன்றில் வெறும் இருமல்தான், தெரியாமல் அனுப்பியிருக்கிறார். அதைத்தான் அதிகம் கேட்கிறேன்.

அப்பாவின் காரியத்துக்கு நான் ஏன் வரவில்லை என்று சித்தி இன்னும் கேட்கிறாளாமே. பாஸ்போர்ட்டில் விசா முத்திரை காலாவதியாகியிருந்தது அக்கா. இங்கே இருக்கலாம், வெளியே போனால் தூதரகத்தில் மறுபடி முத்திரை வாங்காமல் திரும்பி உள்ளே வர முடியாது. தேதி கிடைக்காவிட்டால் குழந்தையோடு அங்கேயே மாட்டிக்கொள்வாய் என்று இவர் சொன்னார். சொன்னது சரிதான், அதனால்தான் கோபம் அதிகமாக வந்தது. என்னுடையது எச்-4, இவருடைய வேலை விசாவோடு ஒட்டி வந்த மனைவி விசா, அதில் இப்போது வேலைக்கும் போக முடியாது, இவருக்காகக் கம்பெனி போடும் ஐ-140 என்ற கிரீன் கார்டு மனுவுக்கு ஒப்புதல் வந்தால் நான் வேலை அனுமதி கேட்கலாம். டிக்கெட்டுக்குக்கூட இவரிடம்தான் நிற்க வேண்டும். கருமாதியை வீடியோவில் பார்த்தேன், தம்பி போனைச் சாய்த்து வைத்ததில் பாதி நேரம் பந்தல் கூரைதான் தெரிந்தது. அதற்கப்புறம் ஒரு மாதம் இவரோடு சரியாகப் பேசவில்லை.

போன வாரம் ராத்திரி எழுந்து பார்த்தால் சமையலறையில் நின்றுகொண்டே இவர் அந்தப் புத்தகத்தின் கடைசிக் கதையைப் படித்துக்கொண்டிருக்கிறார். புத்தகமே தொடாத மனுஷன்! 1969-இல் பாஸ்டனுக்கு வருகிற ஒருவன், மனைவி வந்து சேரும்வரை பாலும் கார்ன்ஃப்ளேக்ஸும் தின்று காலம் ஓட்டுகிறான். "நீ வருவதற்கு முன் நானும் நாலு மாதம் இதையேதான் சாப்பிட்டேன்" என்றார். கல்யாணமாகி ஐந்து வருஷம், இதை ஒருநாளும் சொன்னதில்லை. அந்த நேரத்தில் அடுப்பைப் பற்றவைத்து ரசம் வைத்தேன், இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

சரி, ஒரு வேலை. அத்தானின் நண்பர் டிசம்பரில் வருகிறார் அல்லவா, அம்மாவின் அரிவாள்மனையைத் துணியில் சுற்றி அவரிடம் கொடுத்தனுப்பு. பெரிய பெட்டியில் வைக்கச் சொல், கைப்பையில் வைத்தால் சென்னையிலேயே பிடுங்கிவிடுவார்கள். சாணை பிடிக்காதே, அப்படியே அனுப்பு.

உன் தங்கை