அந்தப் பதினைந்தாயிரத்தைப் பற்றி

கோவில்பட்டி
ஞாயிறு இரவு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே "சரிம்மா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் கடலைமிட்டாயைப் பற்றி இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல் போட 15,000 ரூபாய் கேட்கிற அந்தத் தம்பியின் ரேட்டை அனுப்பியிருந்தாயே, அதை இன்னும் அப்பாவிடம் காட்டவில்லை. காட்டினால் அன்றைக்குச் சாப்பிட மாட்டார். நானும் இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். வேண்டாம் தாயி.

அவரைப் பின்தொடர நாலு லட்சம் பேர் இருக்கிறார்களாம், இருக்கட்டும். மிட்டாயை வாயில் வைப்பதற்கு முன்பே, என்ன சொல்ல வேண்டும் என்று நம்மிடமே எழுதிக் கேட்கிறார். காசு வாங்கிக்கொண்டு சொன்னால் அது விளம்பரம் என்று போட வேண்டும், 2021-லேயே விளம்பரத் தர மன்றம் விதிமுறை கொண்டுவந்துவிட்டது என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். அவரிடம் அதைக் கேட்டால், "அப்படிப் போட்டா யாரும் பார்க்க மாட்டாங்க அக்கா" என்கிறார். நம் கையால் செய்த பண்டத்துக்குக் கூலி கொடுத்துச் சாட்சி பிடிக்க வேண்டுமா?

சரி, அவர் சொல்லி ஆயிரம் பேர் வந்துவிட்டார்கள் என்றே வை. போன ஐப்பசியை மறந்துவிட்டாயா?

அப்பா பலகையில் பாகைப் பரப்பி, உருளையை ஓட்டி, துண்டு போடுகிற வீடியோவை நீ விளையாட்டாகத்தான் போட்டாய். இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். மூன்றே நாளில் 140 ஆர்டர். உனக்கு அங்கே சந்தோஷம், எனக்கு இங்கே வயிற்றைக் கலக்கியது. நமக்கு இருப்பது ஒரே அடுப்பு, கடைகளுக்குப் போடுகிற சரக்கையும் நிறுத்த முடியாது. மாமாவும் அத்தையும் வந்து உட்கார்ந்து கடலையை உடைத்துத் தோல் புடைத்தார்கள். வெளியே அடைமழை. வேகத்தில் அப்பா ஒரு நாள் பாகைக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிட்டார். வெல்லம் காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது உனக்குத் தெரியும். நாலாம் நாள் பார்சல் பிரித்தவர்களுக்கு மிட்டாய் கிடைக்கவில்லை, கவரோடு ஒட்டிய களி கிடைத்தது.

31 பேருக்கு மறுபடியும் மிட்டாய் அனுப்பினோம். அந்த மாதம் லாபம் என்று ஒன்றும் கையில் நிற்கவில்லை. பணத்தைக்கூட விடு. "கோவில்பட்டின்னு சொல்லி ஏமாத்துறாங்க" என்று ஒரு அம்மா படத்தோடு எழுதினாரே, அன்றைக்கு ராத்திரி அப்பா தூங்கவில்லை. அவர் செய்த தப்புக்கு ஊர்ப் பேர் இழுபட்டுவிட்டது என்று புலம்பினார். அதை அழித்துவிடலாம் என்று நீ சொன்னாய். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்குக் கீழேயே என்ன நடந்தது என்று உள்ளதை எழுதி, வேறு பெட்டி அனுப்பினேன். அது இன்னும் அங்கேயே இருக்கிறது. அந்த அம்மா அதற்கப்புறம் மூன்று தடவை வாங்கிவிட்டார்.

அந்த வேதனையில்தான் நம் வலைப்பதிவில் அதை எழுதினேன். "கடலைமிட்டாய் ஏன் பிசுபிசுக்கிறது?" பேசினால் எழுதிக்கொள்கிற வசதியை நீ போட்டுக்கொடுத்திருந்தாய், அது 'பாகு' என்றால் 'பாம்பு' என்று எழுதியது, திருத்தவே இரண்டு ராத்திரி ஆனது. தண்ணீரில் விட்டு உருட்டிய பாகைத் தட்டில் போட்டால் டங்கென்று கேட்க வேண்டும் என்பதில் தொடங்கி, மழைக்காலத்தில் ஏன் இன்னும் ஒரு நிமிஷம் அடுப்பில் வைக்க வேண்டும், வெல்லம் ஏன் தேனிப் பக்கத்து வெல்லமாக இருக்க வேண்டும், கடலைக்குக் கரிசல் மண் என்ன செய்கிறது என்று தெரிந்ததை எல்லாம் கொட்டினேன். "யாரும்மா இவ்வளவு படிப்பாங்க?" என்றாய்.

படிக்கிறார்கள். ரீல் இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடுகிறது. இது வருஷமாகப் போகிறது, கூகிளில் தேடிக்கொண்டு இன்னமும் ஆள் வருகிறது. ரீலைப் பார்க்கிறவர் பஸ்ஸில் போகிறபோது ஜன்னல் வழியே நம் கடையைப் பார்க்கிறவர். இவர்கள் வாசலில் இறங்கி நின்று கேட்கிறவர்கள். போன வாரம் பெங்களூரில் இருந்து ஒரு பெண். அதைப் படித்துவிட்டு மூன்று தடவை செய்து பார்த்தாளாம், பதம் வரவே இல்லையாம். கடைசியில், "ஆன்ட்டி, நீங்களே ரெண்டு கிலோ அனுப்பிடுங்க" என்கிறாள். தொழில் ரகசியத்தை எல்லாம் வெளியே சொல்கிறாள் என்று முணுமுணுத்த உன் அப்பா, இதைக் கேட்டுச் சிரித்தார்.

இன்னொன்றையும் நினைத்துப் பார். 2020 ஏப்ரலில் நம் மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு, இது கோவில்பட்டிப் பண்டம் என்கிற அரசாங்க முத்திரை, வந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் டிக்டாக்கில் ஆரம்பித்தோம். ஜூன் 29-ம் தேதி அதையே தடை செய்துவிட்டார்கள். சேர்ந்திருந்த மூவாயிரம் பேர் எங்கே போனார்கள் என்று யாரைக் கேட்பது? ஒருவர் நம்பரும் நம்மிடம் இல்லை. அன்றிலிருந்துதான் வாங்குகிற ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் நான் நோட்டில் எழுதி வைக்கிறேன். நீ சிரிக்கிற அதே நீல நோட்டுதான். வாட்ஸப்பில் பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியை எல்லோருக்கும் ஒன்றாக, போட்டால், நம் நம்பரைத் தன் போனில் போட்டு வைத்திருப்பவருக்குத்தான் போய்ச் சேரும். அதனால் பெட்டிக்குள் ஒரு துண்டுச்சீட்டு வைக்கிறேன்: "இந்த நம்பரைப் பதிந்துகொள்ளுங்கள், புதுக் கடலை வந்ததும் சொல்கிறோம்." புதுக் கடலை வரும்போதும் தீபாவளிக்கு முன்னும் மட்டும்தான் அனுப்புவேன். தினமும் காலை வணக்கம் அனுப்பினால் நானே நம்மை பிளாக் செய்துவிடுவேன்.

புவிசார் குறியீடு என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் இன்ஸ்டாகிராம் பக்கத்தின் தலைப்பில் அந்த முத்திரையைப் போட்டிருக்கிறாய். எடுத்துவிடு. ஊரில் இருக்கிற எல்லோரும் போட்டுக்கொள்ள அது பொட்டு இல்லை. தனியாகப் பதிவு செய்துகொண்ட தயாரிப்பாளர்தான் போடலாம். நாம் விண்ணப்பம்தான் கொடுத்திருக்கிறோம், வரட்டும். அந்த இடத்தில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் தெரிகிற மாதிரி அட்டையின் படத்தைப் போடு.

அப்புறம் வீடியோவுக்கு நீ போட நினைக்கிற அந்தச் சினிமாப் பாட்டு. பிசினஸ் கணக்கில் அது வராது, சாதாரணக் கணக்காக மாற்றிவிடலாம் என்கிறாய். எதற்கு? கத்தி இறங்குகிறபோது வருகிற அந்த டக் டக் சத்தத்துக்குத்தானே அத்தனை பேர் எழுதினார்கள்.

நீ கொடுப்பதாகச் சொன்ன பணத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. காற்றுப் புகாமல் கவர் ஒட்டுகிற நல்ல மெஷின் ஒன்று வாங்கிக் கொடு. மீதி இருந்தால் தீபாவளிக்கு முந்தைய வாரம் லீவு போட்டுவிட்டு டிக்கெட் எடு. "மழையில் வந்தால் நல்லா இருக்குமா?", "சர்க்கரை உள்ளவங்க சாப்பிடலாமா?", "மேல இருக்கிற தேங்காய்ப்பூவில் கலர் எதுக்கு?" என்று ராத்திரி பதினொரு மணிக்குக் கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் நானே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நிதானமாகப் பதில் சொன்ன அன்றைக்குத்தான் ஆர்டர் வருகிறது, இதை நோட்டைப் பார்த்தே சொல்கிறேன்.

வியாழக்கிழமை காலையில் இன்ஸ்டாகிராம் என்னை வெளியே தள்ளிவிட்டது. திரும்ப உள்ளே போக நம்பர் கேட்கிறது, அந்த நம்பர் உன் போனுக்கு வருகிறது, நீயோ மீட்டிங்கில் இருக்கிறாய். மத்தியானம் வரை ஏழு பேர் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்திருக்கிறார்கள், இரண்டு பேர் போய்விட்டார்கள். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அதை என் நம்பருக்கு மாற்றிவிடு.

அம்மா