இளைப்பும் ஒரு புரதமும்

மன்னார்குடி
தை மாதம்

அன்புள்ள ராஜு,

கடிதம் கிடைத்தது. அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிய அன்றே ஆஸ்துமா இளைப்பு தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். நெற்சுணைக்குப் பயந்து முண்டாசால் மூக்கை மூடிக்கொண்டே களத்தில் நிற்கும் உன் அப்பாவின் நினைவு வந்தது.

வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைப் பற்றி, அதாவது சூடு போன்ற தாக்குதலில் செல்லைக் காக்கும் புரதங்களைப் பற்றி, மகன் படித்துக் காட்டினானாமே. அவற்றை உடம்பில் கூட்ட மருந்து உண்டா என்கிறாய். அவசரப்படாதே.

நுரையீரலின் காற்றறைகளில் மேக்ரோபேஜ் என்ற காவல் செல்கள் குடியிருக்கின்றன. தூசியையும் கிருமியையும் விழுங்கிச் செரிப்பது அவற்றின் வேலை. ஒவ்வாமை மூண்டால் இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் மூச்சுக்குழாய்ச் சுவரில் திரண்டு நச்சைக் கக்குகின்றன. அதில் அகப்பட்ட செல்களுக்குள் புரதங்கள் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மழையில் சாய்ந்த பயிரை நாலைந்து தூராகச் சேர்த்துக் கட்டி நிமிர்த்துவோமே, அந்த வேலையைத்தான் எச்எஸ்பி70 என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதம் செய்கிறது. ஆஸ்துமாக்காரர்களின் மூச்சுக்குழாய்ச் செல்களிலும் மேக்ரோபேஜ்களிலும் அது மிகுந்திருப்பதை 1995இலேயே பார்த்துவிட்டார்கள்.

இந்தப் புரதங்களைக் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. இத்தாலியர் ஃபெருச்சியோ ரிட்டோசாவின் பழ ஈப் புழுக்கள் இருந்த பெட்டியில் யாரோ சூட்டைக் கூட்டிவிட்டார்கள். உமிழ்நீர்ச் சுரப்பிக் குரோமோசோம்களில் புதுப் புடைப்புகள் எழுந்தன. சூட்டில் வேலை தொடங்கிய மரபணுக்களின் அடையாளம் அவை; அந்த மரபணுக்கள் ஆக்கும் புரதங்களுக்குத்தான் பின்னால் இந்தப் பெயர் வந்தது. 1962இல் அதை வெளியிட்டார். தொடக்கத்தில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

ஆனால் எச்எஸ்பி70 செல்லுக்குள் இருக்கும்வரைதான் காவல். செல் சிதைந்து வெளியே கசிந்தால், மற்றச் செல்கள் அதையே ஆபத்துச் செய்தியாக எடுத்துக்கொண்டு அழற்சியை வளர்க்கக்கூடும். கூட்டுவதா குறைப்பதா என்பதே இன்னும் தீராத வழக்கு. எவனாவது டானிக் என்று விற்றால் வாங்காதே.

உனக்குத் தெரியாமலே இந்தக் குடும்பத்துப் புரதம் ஒன்று உனக்கு உதவிக்கொண்டிருக்கிறது. இன்ஹேலரில் நீ இழுக்கும் ஸ்டீராய்டு செல்லுக்குள் போய் ஓர் ஏற்பியை, அதாவது மருந்தை ஏற்றுக்கொள்ளும் புரதத்தை, பிடித்தாக வேண்டும். அந்த ஏற்பியைத் தயாராகத் தாங்கி வைத்திருப்பது எச்எஸ்பி90. நீயோ மூச்சு கொஞ்சம் சீரானதும் இன்ஹேலரை அலமாரியில் போட்டுவிடுகிறாய்! மருத்துவர் சொன்னபடி தினமும் எடு.

கொள்முதல் நிலையத்தில் தூற்றும் இயந்திரத்துக்கு எதிரே போய் நிற்காதே. எடைபோட மகன் போகட்டும்.

பேத்திக்குப் பங்குனியில் காது குத்து. பத்திரிகை தனியே வரும். தங்கச்சியையும் அழைத்துக்கொண்டு வா.

அன்புடன்,
பாலு