மறையூரிலிருந்து மருமகனுக்கு: மணக்காத சந்தனக் காடு

அன்புள்ள மருமகனுக்கு,

சென்ற மாதம் நீ இந்தக் கேரளத்து மறையூரிலிருந்து கிளம்பியபோது, உடுமலைப்பேட்டைப் பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகும், "சந்தனக் காடு என்றீர்கள், வாசனையே வரவில்லையே அத்தை" என்று சன்னல் வழியே குறைப்பட்டுக்கொண்டாய். வண்டி நகர்ந்துவிட்டதால் அன்று பதில் சொல்ல முடியவில்லை.

நிற்கிற சந்தன மரம் மணக்காது. இலையிலும் பூவிலும் பட்டையிலும் மணமில்லை. பட்டைக்கு அடுத்த வெளிர் மரத்திலும் இல்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் நடுவே முற்றத் தொடங்கும் வைரம் பாய்ந்த மரத்திலும், முதிர்ந்த வேரிலும்தான் எண்ணெய் ஊறுகிறது. ஆகவே காற்றில் சந்தனம் மணந்தால், எங்கோ மரம் வெட்டுப்பட்டிருக்கிறது என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

கம்பி வேலிக்கு இப்புறம் நின்று, எண் எழுதிய சந்தன மரங்களை மட்டும் தேடித் தேடிப் படமெடுத்தாய். அவற்றை ஒட்டி நின்ற பெயர் தெரியாத மரங்களை நீ பார்க்கவே இல்லை என்பதுதான் என் மனத்தாங்கல். சந்தனத்தின் வேர் மண்ணுக்குள்ளே நகர்ந்து பக்கத்து மரத்தின் வேரைப் பற்றி, அதிலிருந்து நீரையும் உப்புச் சத்துகளையும் உறிஞ்சிக்கொள்கிறது. இலை பச்சையாக இருப்பதால் மாவுச்சத்தை மட்டும் தானே செய்துகொள்கிறது. நட்டு வளர்ப்பவர்கள் கன்றுக்குப் பக்கத்தில் துவரை விதைப்பதும் இதற்காகத்தான். உன் மாமா இதைத் திருட்டு என்பார். நான் திரும்பி வராத கைமாற்று என்பேன்.

மூணாறு இங்கிருந்து 40 கிலோமீட்டர்தான். ஆனால் 2,695 மீட்டர் உயர ஆனைமுடியும் அதையொட்டிய மலைகளும் தென்மேற்குப் பருவமழையை அந்தப் பக்கமே இறக்கிவிடுவதால், அங்கே தேயிலை நனைந்துகொண்டிருக்கும் ஆடியில், மலைக்குக் கீழே சின்னாறு சரணாலயத்தில் முள்மரங்கள் காய்ந்து நிற்கும். இந்த மழைமறைவு நிலத்தின் வறட்சி சந்தனத்துக்கு ஒத்துப்போகிறது. நம் பாம்பாறும் கேரளத்தின் பெரும்பாலான ஆறுகளைப் போல மேற்கே போகாமல், கிழக்கே இறங்கி அமராவதியில் சேர்கிறது.

முனியறைகள் என்னும் பெருங்கற்காலக் கல்லறைகளையும் தூவானம் அருவியையும் நீ பார்த்தாயிற்று. அடுத்த முறை காந்தல்லூருக்கு மேலே மன்னவன் சோலை என்ற மலைக்காட்டுக்குப் போகலாம். வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். 2003இல் அறிவிக்கப்பட்ட ஆனைமுடிச் சோலை தேசியப் பூங்காவில் அதுவும் அடங்கும். சந்தனக் காட்டில் வெயில் தரைவரை விழும். சோலையிலோ கிளையெல்லாம் பாசி படர்ந்து, பகலிலும் இருட்டாக இருக்கும். அட்டைகள் ஏறும் என்பதால் முழங்கால்வரை வரும் காலுறை கொண்டு வா. ஆறேழு இடங்களை ஒரே நாளில் முடிக்கும் உன் பட்டியலை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வா.

அதற்குள் ஒரு வேலை செய். உங்கள் வீட்டுப் பூசை அறையில் பாட்டி அரைத்த சந்தனக் கட்டை இருக்கிறதே, அதில் வெளுத்த ஓரம் ஏதேனும் ஒட்டியிருந்தால் அதைத் தனியாகவும் நடுப்பகுதியைத் தனியாகவும் கல்லில் உரசி முகர்ந்து பார்த்து, எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை