அஷ்டமியில் கடலுக்குப் போவோம்

அன்புள்ள மாரி,

நலம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியே இருக்கிறது, மற்றபடி வீட்டில் எல்லோரும் சுகம். போனில் கூப்பிட்டால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு டிபன் சாப்பிடுகிறாய், எதையும் முழுசாகச் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் கடிதம். போன வாரம் உன் வீட்டுக்காரி, நம் தங்கச்சி, எனக்குத் தனியாக போன் செய்தாள். அதைக் கடைசியில் எழுதுகிறேன். உடனே போய் அவளிடம் சண்டை போடாதே.

நீ அனுப்பிய அந்தமான் திட்டத்தை பாஷாவும் நானும் அவன் கடையில் உட்கார்ந்து படித்தோம். முதல் நாள் பாரன் தீவு. இரண்டாம் நாளும் பாரன் தீவு. மூன்றாம் நாள் ஓய்வு. எரிமலை பின்னால் புகைய, நீ ஐம்பது கிலோ பாறை மீனை மடியில் வைத்துக்கொண்டு போட்டோவுக்கு உட்காருவது வரை எழுதியிருக்கிறாய். ராத்திரி எங்கே படுப்பது என்பதை மட்டும் எழுதவில்லை. போர்ட் பிளேரிலிருந்து அது ஏறக்குறைய 140 கிலோமீட்டர், அத்தனையும் திறந்த கடல். தீவில் இறங்கவும் விடமாட்டார்கள். (2024-லிருந்து ஊர்ப் பெயர் ஸ்ரீ விஜயபுரம். பாஷா வாயில் நுழையவில்லை, நானும் பழைய பெயரிலேயே எழுதுகிறேன்.)

தண்ணியில்லா ஆறு, சாமியில்லா கோயில், ராஜா இல்லா கோட்டை என்று நம் வேலூரைச் சொல்வார்கள். 1981-ல் சாமி வந்துவிட்டார். பாலாறு மட்டும், 2021 வெள்ளத்தைக் கழித்துவிட்டால், பெரும்பாலும் பழையபடி மணல்தான். அந்தக் கரையில் வளர்ந்து, காவேரிப்பாக்கம் ஏரியில் ஜிலேபி மீன் பிடித்து, அதுவும் வாத்தியாரிடம் மாட்டிக்கொண்ட கோஷ்டி நாம். எடுத்த எடுப்பில் எரிமலையா?

பாஷா பரவாயில்லை, தேறிவிட்டான். நீ பார்சலில் அனுப்பிய தூண்டில் ராடை மொட்டை மாடியில் வீசிப் பழகுகிறான். நூறு கிராம் பாப்பர், அந்த மிதக்கிற பொய் மீன், பக்கத்து வீட்டு கேபிள் ஒயரில் சுற்றிக்கொண்டு ஒரு பகல் முழுக்கத் தொங்கியது. அந்த வீட்டுப் பெரியம்மா உருதுவில் திட்டியதற்கு அர்த்தம் கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டான். ஆனால் முடிச்சில் அவனை மிஞ்ச முடியாது. தூண்டில் நரம்பை விறைப்பாகக் கட்டிவைத்து, அதன் நுனியில் சேர்க்கிற தடித்த லீடர் நரம்பை அதில் மேலும் கீழுமாக மாற்றி மாற்றி இருபது சுற்று போட்டு, எச்சில் தொட்டு இழுக்கிறான். இறுகியதும் பச்சை நரம்பு கறுத்துப் போய் லீடருக்குள் பதிகிறது. தோல் பை தைத்த விரலாச்சே.

அந்த முடிச்சு முக்கியம், ஏனென்றால் ஏரியில் செய்த மாதிரி விட்டுப் பிடிக்கிற கதை பாரில், அதாவது கடலடிப் பவளத் திட்டில், நடக்காது. பாறை மீனோ களவா மீனோ கவ்விய மறுநொடி பவளத்துக்குள்தான் பாயும், அங்கே விளிம்பெல்லாம் பிளேடு. முதல் சில மீட்டரிலேயே மடக்கித் திருப்பாவிட்டால் நரம்பு அறுந்து மீனும் போச்சு, பாப்பரும் போச்சு. அதற்காகத்தான் அந்தத் தடித்த லீடர். நீ கேட்ட மெல்லிய நரம்பெல்லாம் வேண்டாம்.

சரி, ராடு, ரீல் பேச்சு போதும். இத்தனை நாளாக விசாரித்ததில் எனக்குப் புரிந்தது, புதுக் கடலுக்கு முதலில் பார்க்க வேண்டியது படகுக்காரனை, மீனெல்லாம் அப்புறம். நீ போனில் இறக்கி வைத்திருக்கிற வரைபடத்தை நம்பாதே. 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில் வடக்கு அந்தமான் பக்கம் தரை ஒரு மீட்டருக்கு மேல்கூட எழும்பி, பவளம் வெளியே வந்து வெயிலில் செத்தது. போர்ட் பிளேர் பக்கம் ஏறத்தாழ அதே அளவு அமிழ்ந்தது. உன் வரைபடத்தில் இருக்கிற ஆழம் அதற்கு முன்னால் அளந்ததா, பின்னால் அளந்ததா? அங்கே தினமும் போய் வருகிறவனுக்குத்தான் தெரியும்.

எல்லையும் அப்படித்தான். வண்டூரில் மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா 1983-லிருந்து இருக்கிறது, ஹேவ்லாக் பக்கம் ராணி ஜான்சி பூங்கா 1996-லிருந்து. உள்ளே தூண்டிலே போடக் கூடாது. தண்ணீரில் வேலியா போட்டிருக்கிறார்கள், பார்த்து ஒதுங்க? மேற்கே வடக்கு சென்டினல் தீவு. சுற்றி ஐந்து கடல் மைல் யாரும் நெருங்கக் கூடாது. 2006-ல் இரண்டு மீனவர்கள் படகில் தூங்கிக்கொண்டிருந்தபோது நங்கூரம் பிடிப்பு விட்டு, படகு அந்தக் கரைக்கே அடித்துப் போய்விட்டது. இரண்டு பேரும் உயிரோடு திரும்பவில்லை. இதைப் படித்த ராத்திரி எனக்கு சரியாகத் தூக்கம் வரவில்லை, மாரி. மீன் ஆசைக்கு முன்னால் நங்கூரக் கயிறு இருக்கிறது.

பாஷாவின் தங்கை மகன் அங்கே வேலையில் இருக்கிறான் இல்லையா, அவன் மூலமாக இரண்டு படகுக்காரர்களிடம் பேசினேன். முதல் ஆள் ஹலோ சொல்வதற்குள் "ஐம்பது கிலோ கியாரண்டி சார்" என்றார். இரண்டாவது ஆள் தமிழ்க்காரர், பேச்சில் தென்பாண்டிச் சாயல். நான் மீனைப் பற்றிக் கேட்க, அவர் திருப்பி எங்களைப் பற்றியே கேட்டார்: "மூணு பேர்ல யாருக்கு நீச்சல் தெரியும்? வயசு என்ன? மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?" நங்கூரத்தைப் பவளத்தின் மேல் போடமாட்டாராம், மணல் திட்டு தேடித்தான் போடுவாராம். லைஃப் ஜாக்கெட், ரேடியோ, மீன்வளத் துறை உரிமம் எல்லாம் கேட்டேன், பொறுமையாகப் பதில் சொன்னார். காற்று எழுந்தால் என்றேன். "திரும்பிடுவோம். வாடகையில பாதி குடுங்க போதும்." அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். உன் ஐம்பது கிலோக்காரர் வேண்டாம்.

சாப்பாட்டு விஷயம் ஒன்று. மீன் தலை என்றால் உனக்கு உயிர். பாரில் பிடித்த பெரிய மீனின் தலையும் குடலும் நமக்குக் கிடையாது, இப்போதே சொல்லிவிட்டேன். பவளத்தின் மேல் பாசியோடு வளரும் ஒரு நுண்ணுயிரிலிருந்து விஷம் சின்ன மீனுக்குப் போய், அதைத் தின்ற பெரிய சங்கரா, களவா, சீலாவில் சேர்ந்துகொண்டே போகுமாம். எல்லா மீனிலும் இருக்காது, இருந்தாலும் வாசனையிலோ ருசியிலோ தெரியாது. கொதிக்க வைத்தாலும் ஐஸில் போட்டாலும் போகாது. வாந்தி, பேதி, அப்புறம் கையில் எடுத்த ஐஸ் சுடுகிற மாதிரி இருக்குமாம். மங்களூர் பக்கம் சங்கராத் தலையைச் சாப்பிட்டு நிறையப் பேர் இப்படிப் படுத்திருக்கிறார்கள். சின்ன மீனில் ஒன்றிரண்டைக் குழம்புக்கு எடுப்போம், பெரியதை விட்டுவிடுவோம். உனக்குத் தெரியுமா, களவாவில் பல வகை முதலில் பெண்ணாக இருந்து, பெரிசானதும்தான் ஆணாக மாறுகிறது. பெரியதாகப் பார்த்துத் தூக்கினால் அந்தப் பாரில் மாப்பிள்ளையே மிஞ்சாது.

இப்போது தங்கச்சி சொன்னது. நான் திட்டுவாள் என்று நினைத்துத்தான் எடுத்தேன். அவள், "அண்ணே, அவரை வரவேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க. ஸ்டென்ட் வச்சதிலேருந்து மனுஷன் பேசுறதே இல்ல. இந்த மீன் பேச்சு வந்தப்புறம்தான் பழையபடி இருக்கார். பத்திரமா கூட்டிட்டு வந்துடுங்க" என்றாள். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. சரிம்மா என்று வைத்துவிட்டேன். எங்களிடம் நீ இதையெல்லாம் சொல்லியிருக்கலாம்டா. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நல்லாயிருக்கேன், நல்லாயிருக்கேன் என்றே போனை வைத்துக்கொண்டிருந்தாய்.

அதனால் என் நிபந்தனைகள். டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்தால்தான் டிக்கெட். கடலில் அரை நாள்தான், கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில். பெரிய பாறை மீன் மாட்டினால் ராடு பாஷா கைக்குப் போகும், நீ பக்கத்தில் நின்று கத்தலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவன் நீ, கொக்கி கீறினாலும் பவளம் கிழித்தாலும் லேசில் நிற்காது. கொக்கியின் முள்ளையெல்லாம் இடுக்கியால் நசுக்கிவிடப் போகிறேன், கையுறையும் வாங்கியாச்சு. வாந்திக்கு அவோமினை நீயாகப் போடாதே, அதையும் டாக்டரிடமே கேள்.

தேதி: பிப்ரவரி கடைசி அல்லது மார்ச். அப்போது கடல் சாந்தமாக இருக்கும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை தடைக்காலம் வேறு வந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் கடுமை, தீவுகளுக்கு நடுவே படகு நிற்காதாம். அஷ்டமி, நவமி, தசமி பக்கம்தான் ஓட்டம் தணியும் என்கிறார் படகுக்காரர். அம்மாவிடம் அஷ்டமியில் கடலுக்கு என்றால் வீடு இரண்டாகும். சப்தமி அன்று கிளம்புகிறோம் என்று சொல்லிவைத்திருக்கிறேன், அது பொய்யுமில்லை. பாஷா இதைக் கேட்டுவிட்டுக் கடையில் விழுந்து விழுந்து சிரித்தான்.

டாக்டரைப் பார்த்துவிட்டு இந்த மாதத்துக்குள் எழுது, அல்லது போன் செய், ஸ்பீக்கர் இல்லாமல். அந்த இரண்டாவது ராடைத் திருப்பி அனுப்ப முடியுமானால் அனுப்பிவிடு.

அன்புடன்,
சேகர்

பி.கு.: பாஷா சென்னையிலிருந்து கப்பலில்தான் போகணும் என்கிறான். மூன்று நாள் ஆகும். விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. என் ஓட்டு விமானத்துக்கு. நீயும் அதற்கே போட்டால் இரண்டுக்கு ஒன்றில் அவனை அடக்கிவிடலாம்.