ஆண்டறிக்கை 2024–25

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். பொங்கல் விழா பெங்களூர் அல்சூரில் நல்லபடியாக நடந்தது. பிள்ளைகளின் தமிழ் வகுப்பு தொடர்கிறது. செயற்குழு ஆறு முறை கூடியது.

இனி ஏரி நடை, அதாவது எம்.எல்.ஏ.வையும் நம் ஆராய்ச்சியாளர்களையும் ஏரிக்கரையில் சேர்ந்து நடக்க வைத்தது. இது நமக்கு எதற்கு என்று போன பொதுக்குழுவில் சிலர் கேட்டார்கள். நம் ஊர் பெல்லந்தூர் ஏரித் தண்ணீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் கலந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது, அங்கே நுரை பொங்குவதைச் செய்தியில் பார்க்கிறோமே, அப்புறம் எப்படி நமக்குச் சம்பந்தம் இல்லை? 2020 செப்டம்பரோடு மாநகராட்சி மன்றம் கலைந்தபின் கவுன்சிலரும் இல்லை, கேட்க எம்.எல்.ஏ.தான் இருக்கிறார். நம்மில் ஒன்பது பேர் ஆராய்ச்சி நிலையங்களில் வேலை பார்க்கிறார்கள். இரண்டு தரப்பையும் மண்டபத்தில் உட்கார வைத்தால் சால்வை, மாலையோடு முடிந்துவிடும் என்றுதான் காலை ஆறரைக்கு ஜக்கூர் ஏரிக்கரையில் நடக்கலாம் என்று பிடிவாதம் பிடித்தேன்.

அங்கே சுத்திகரித்த கழிவுநீர், கோரையும் நாணலும் வளர்ந்த சதுப்பு வழியாக வடிந்துதான் ஏரிக்குள் போகிறது. அதைப் பார்த்ததும் எம்.எல்.ஏ., "அப்போ பெல்லந்தூரில் மட்டும் ஏன் நுரை?" என்றார். நம் வேதியியல் மேடம் பாட்டில் தண்ணீரில் ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டுக் குலுக்கிக் காட்டினார், சுத்திகரிக்காத சாக்கடையில் வரும் சோப்பு மதகில் விழுந்து அடிபடும்போது நடப்பதும் இதுதான் என்று. பதிலுக்கு எம்.எல்.ஏ., பட்ஜெட் பிப்ரவரி, மார்ச்சில் வந்துவிடும், வேண்டியதை நவம்பரிலேயே கன்னடத்தில் ஒரே பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார். நம் ஒன்பது பேருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. கொடுத்துவிட்டோம். பதில் வரவில்லை, ஆனால் அடுத்த நடை எப்போது என்று அவரே போன் செய்து கேட்டார்.

வருத்தம் ஒன்று உண்டு. 84 உறுப்பினர்களில் முதல் நடைக்கு 23 பேர், மூன்றாவதற்கு எட்டே பேர். வாட்ஸாப்பில் கட்டைவிரல் காட்டியவர்கள் நாற்பதுக்கு மேல். எம்.எல்.ஏ. சரியான நேரத்துக்கு வந்து நிற்க, நாம் இல்லாதது எனக்குத் தலைகுனிவாக இருந்தது. 31 பேர் சந்தா பாக்கி, அதில் சிலர் இரண்டு வருடமாக.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கிறது, விவரம் பொருளாளர் சொல்வார். டிபன் செலவில் ஒரு பகுதி என் கையிலிருந்து போனது, அதற்கு பில் இல்லை. தலைவர், பொருளாளர், செயற்குழு, வகுப்புக்கு இடம் தந்தவர்கள் எல்லோருக்கும் நன்றி.

அடுத்த வருடம் பெல்லந்தூர் மதகுக்கே அழைத்துப் போக ஆசை. வேன் வாடகை வேண்டும், அது சந்தாவிலிருந்துதான் வர வேண்டும். வேறு யாராவது செயலாளராக வந்தாலும் சந்தோஷமாகக் கூட இருந்து செய்வேன், நடை மட்டும் நிற்க வேண்டாம். பாக்கி வைத்திருப்பவர்கள் இன்றைக்கே வாசலில் பொருளாளரைப் பார்த்துவிட்டுப் போனால் நன்றாக இருக்கும்.

செயலாளர்