ஏரிக்கரையில் தொலைந்தது புதையல் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொடைக்கானல் ஏரிச்சாலையில் 22 ஆண்டுகளாக வாடகை சைக்கிள் கடை நடத்திவருகிறேன். சீசன் கூட்டம் வடிந்துவிட்ட இந்த நேரத்தில், ஏரிக்கரையில் தொலையும் பொருள்கள் தொடர்பாக, அடுத்த விடுமுறைக்குள் சரிசெய்துவிடக்கூடிய ஒன்றைத் தங்கள் நாளிதழ் வழியாக நகராட்சிக்குத் தெரிவிக்க விரும்புகிறேன்.

கல்லாப்பெட்டி அருகே ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருக்கிறேன். ஏரிக்கரையில் பொருளைத் தொலைத்துவிட்டு, யாரிடம் சொல்வதென்று தெரியாமல் கண்ணில் பட்ட கடைக்குள் நுழைகிறவர்களின் பெயர், ஊர், தொலைபேசி எண், பொருளின் அடையாளம் ஆகியவற்றை அதில் எழுதிக்கொள்வது என் வழக்கம். கடந்த ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் 11 பதிவுகள், பெரும்பாலும் மோதிரங்கள். சமவெளி வெயிலிலிருந்து வருகிறவர்களின் விரல்கள் இங்குள்ள குளிரில் சற்றுச் சுருங்கிவிடுவதால், கையுறையைக் கழற்றும்போதோ, மிதிபடகிலிருந்து தண்ணீரை அளையும்போதோ மோதிரம் நழுவுவது அவர்களுக்குத் தெரிவதே இல்லை. அறைக்குப் போய்ச் சோப்புப் போடும்போதுதான் தெரியவருகிறது. அந்த 11 பொருள்களில் இரண்டுதான் உரியவரிடம் சேர்ந்தன. ஒன்றைக் குதிரைக்காரர் ஒருவர் கண்டெடுத்துக் கொடுத்தார். மற்றொன்றை, மெட்டல் டிடெக்டருடன் வந்த கோவை இளைஞர் ஒருவர் கண்டுபிடித்து, மோதிரத்தின் உட்புறம் பொறித்திருந்த எழுத்துகளை என் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்து, தம் செலவிலேயே உரியவருக்கு அனுப்பிவைத்தார். ஆகவே எனக்கு அந்தக் கருவியின் மீது எந்தப் பகையும் இல்லை.

ஆனால் மே மாத இறுதியில் கண்டது வேறு. விடிந்தும் விடியாத பனியில் இரண்டு பேர் கரையோரப் புல்தரையைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காதில் ஹெட்போன். மற்றவர் கையில் சிறு மண்வெட்டி. நான் ஷட்டரைத் தூக்கிவிட்டு நின்று பார்த்தேன். மூன்று பாட்டில் மூடிகள், கசங்கிய சாக்லேட் தாள், ஓர் ஐந்து ரூபாய் நாணயம், அதன்பின் குழந்தையின் வெள்ளிக் கொலுசு ஒன்று வெளியே வந்தன. கொலுசை அவர்களில் ஒருவர் கால்சட்டையில் துடைத்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டார். அதுபோன்ற கொலுசு ஒன்று என் நோட்டில் இருக்கிறது, வந்து பாருங்கள் என்றேன். "கிடைத்தவனுக்குத்தான் சொந்தம், அண்ணாச்சி" என்று சிரித்துவிட்டு நடந்துவிட்டார். தோண்டிய குழிகள் அப்படியே கிடந்தன.

குழி ஏன் இத்தனை என்பதைக் கோவை இளைஞர்தான் எனக்கு விளக்கினார். கருவியின் வட்டச் சுருளில் ஓடும் மின்சாரம் காந்தப் புலத்தை உண்டாக்க, மண்ணுக்குள் இருக்கும் உலோகம் அதற்கு மறுமொழி தருகிறது. அந்த மறுமொழியைத்தான் கருவி ஒலியாக மாற்றுகிறது. சிறிய தங்க மோதிரமும் குளிர்பான டப்பாவின் அலுமினிய வளையமும் ஏறத்தாழ ஒரே ஒலியைத் தருவதால், தங்கத்தைத் தேடுகிறவர் குப்பையையும் சேர்த்தே தோண்டியாக வேண்டும். போதாக்குறைக்கு, இரும்புச்சத்து மிகுந்த மண்ணும் கருவியைக் குழப்பும். கடற்கரையில் உப்பு ஈர மணல் சாதாரணக் கருவிகளுக்குப் பொய்யான ஒலியைக் கொடுக்கும் என்றாலும், அங்கே தோண்டிய பள்ளத்தை அடுத்த அலையே மூடிவிடுகிறது. இங்கே மூட அலை இல்லை. புல் பெயர்ந்த இடம் மழையில் சேறாகிறது. ஓடி விளையாடும் குழந்தையின் காலோ, சவாரிக் குதிரையின் குளம்போ அதற்குள் இறங்கினால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

"கிடைத்தவனுக்குத்தான் சொந்தம்" என்ற எண்ணத்தைச் சட்டம் அப்படியே ஏற்பதில்லை. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடக்கும் 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் எதைக் கண்டெடுத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். (அந்தப் 10 ரூபாயை யாரும் இன்னும் திருத்தவில்லை என்பது தனிக் கதை.) ஆனால் போன வாரம் ஒரு குழந்தையின் காலிலிருந்து கழன்று விழுந்த கொலுசு புதையலே அன்று, அதற்கு உரியவர் உயிரோடு, தொலைபேசி எண்ணோடு இருக்கிறார். தொலைந்த பொருளை எடுத்து வைத்துக்கொள்பவருக்கு, பிறர் பொருளைப் பாதுகாக்க ஒப்புக்கொண்டவருக்குரிய அதே பொறுப்பு உண்டு என்கிறது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். உரியவரைத் தேடிப் பார்க்காமலே தனதாக்கிக்கொள்வது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 314ஆவது பிரிவின்படி குற்றமாகலாம். தண்டனை 6 மாதத்துக்குக் குறையாமல் 2 ஆண்டு வரை சிறை. அதே ஒப்பந்தச் சட்டம், உரிமையாளர் அறிவித்த சன்மானத்தைக் கேட்டுப் பெறும் உரிமையைக் கண்டெடுத்தவருக்கும் தருகிறது. நேர்மையாகத் தேடுகிறவருக்கு இதில் நஷ்டம் எதுவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சைக்கிள் எடுக்க வருகிறவர்களில் சிலர் இப்போது தாண்டிக்குடிக்கு வழி கேட்கிறார்கள். கீழ்மலையின் கல்திட்டைகளை, அதாவது பழங்கால மக்கள் கற்பலகைகளால் எழுப்பிய ஈமச் சின்னங்களைப் பற்றி எங்கோ கேள்விப்பட்டிருக்கிறார்கள். சேசு சபைத் துறவிகளான ஆங்கிலேடும் நியூட்டனும் பழனி மலைக் கல்திட்டைகளை ஆராய்ந்து எழுதியதைத் தொல்லியல் துறை 1928இலேயே வெளியிட்டது. மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு போகும் இடம் அதுவன்று. நான் வழி சொல்வதில்லை.

ஏரிக்கரைக்கு நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் ஏற்பாடு அன்று. தொலைந்தவை, கிடைத்தவை இரண்டுக்கும் ஒரே பதிவேட்டைப் படகு இல்லத்தை ஒட்டி வைக்கலாம். கருவி கொண்டுவருகிறவர் அங்கே பெயர் எழுதிவிட்டு, கூட்டம் சேருமுன் தேடி முடித்து, குழிகளை மூடி, கிடைத்தவற்றைக் காட்டிவிட்டுச் செல்லட்டும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024ஆம் ஆண்டு மே 7 முதல் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் இ-பாஸ் நடைமுறையில் இருப்பதால், வருகிறவர்களின் தொலைபேசி எண் ஏற்கெனவே அரசிடம் இருக்கிறது. பொருள் தொலைந்தால் எங்கே சொல்ல வேண்டும் என்ற ஒரு வரியை அந்த அனுமதிச் சீட்டிலேயே அச்சிட்டுவிடலாம்.

அப்படி ஒரு பதிவேடு திறக்கப்பட்டால், முதல் 9 பதிவுகளை என் நோட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ஏழாவது பதிவு இது: வலது கால் கொலுசு, வெள்ளி, திருகு பழுது, ஒரு மணி இல்லை.

இப்படிக்கு,
ஏரிச்சாலை வாசகர்,
கொடைக்கானல்.